நாற்பது நாள் லீவு

"ஓம், சொல்லு. என்ன விசயம்?" என்று ஸகியா குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு கேட்டாள்.

கட்டிலில் இரண்டு தலையணைகளை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்திருந்தாள். கணவனின் தொப்பியை எடுத்துத் தலையில் கவிழ்த்திருந்தாள். இல்லாத தாடியை விரலால் கோதிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்துக்கு அவள் ஸகியா இல்லை. சவளக்கடையில் அரிசி மில் வைத்திருக்கும் மீராசாஹிபு ஹாஜியார்.

அப்ராஸ் கதவு நிலையடியில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். "அஸ்ஸலாமு அலைக்கும் ஹாஜியார்."

"வஅலைக்குமுஸ்ஸலாம். கெதியாச் சொல்லு, லொறி நிக்குது."

"எனக்கு ஒரு நாப்பது நாள் லீவு…"

"என்னது? அறுவடைக்குள்ளயா? ஒனக்கென்ன விசரா?"

"ஹாஜியார் அப்படிக் கதைக்க மாட்டார் புள்ள."

"அப்ப எப்படிக் கதைப்பார்?"

"ஒண்டும் கதைக்க மாட்டார். சும்மா பாப்பார். அதுதான் எனக்குப் பயம்."

ஸகியா சும்மா பார்த்தாள். கண்ணிமைக்காமல் பார்த்தாள். அப்ராஸ் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த வசனங்கள் ஒன்றன் பின் ஒன்றாக உதிர்ந்து போயின. சலாம் சொல்ல வேண்டும், பிறகு நல்ல செய்தியைச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் லீவு, கடைசியாகத் தனக்குப் பதில் மெசினைப் பார்ப்பது யார் என்ற விபரம். இந்த ஒழுங்கை அவன் எத்தனையோ தரம் மாற்றி மாற்றிப் பார்த்திருந்தான். எப்படி அடுக்கினாலும் ஏதோ ஒன்று பிழையாகவே பட்டது.

அவன் முகம் போன போக்கைப் பார்த்து ஸகியாவுக்குச் சிரிப்பு வெடித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அல்லாஹ்! என்னச் சிரிக்க வைக்காதீங்க மச்சான். உள்ளுக்க ரெண்டும் உதைக்கிதுகள்."

ஊர் வழக்கப்படி பார்த்தால் இந்த லீவுக்கு இடமே இல்லை. கல்முனைப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறவன். பிள்ளை பிறந்தால் பெண்ணின் உம்மா இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு நாற்பது நாளும் அந்த வீட்டை ஆளுவார். மூலிகை போட்டு வேதுத் தண்ணீர் காய்ச்சுவது, பத்தியக் கறி ஆக்குவது, பிள்ளையைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. தகப்பனுக்குக் கடையில் சாமான் வாங்கிக் கொடுப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது.

ஆனால் ஸகியாவின் உம்மா பாஹிமா குவைத்தில் இருந்தார். சாமான் விலைகள் ஏறி, கட்டிக்கொண்டிருந்த வீடு பாதியில் நின்றபோது வீட்டு வேலைக்கென்று போனவர். ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை. ஸகியாவின் வாப்பா இறந்து கன காலம். கூடப் பிறந்த பெண் என்று யாரும் இல்லை. அப்ராஸின் உம்மாவோ பொத்துவிலில் மகள் றுஸ்தாவின் வீட்டில், முழங்கால் வலியோடு, தன்னையே ஒருவர் பிடித்து நடத்தும் நிலையில் இருந்தார்.

இரட்டைப் பிள்ளை என்று தெரிய வந்த அன்று பாஹிமாவிடமிருந்து போனுக்கு ஒரு குரல் பதிவு வந்தது.

"மருமகன், இஞ்ச மேடத்துக்கும் புள்ள கெடச்சிருக்கு. நாந்தான் குளிப்பாட்டுறன். நாந்தான் தோள்ல போட்டுத் தட்டுறன். ஒவ்வொருக்கா அந்தப் புள்ளயத் தூக்கக்குள்ளயும் என்ட கை நம்மட வூட்டுக்குப் போயிட்டு வருது. எனக்கு வரேலாது மகன். ஒரு ஆம்பிளைக்கிட்ட இப்படிக் கேக்க வெக்கமாத்தான் இரிக்கி. எனக்குப் பதிலா நீங்க நில்லுங்க."

அதைக் கேட்ட பிறகுதான் அப்ராஸ் லீவு பற்றி யோசிக்கத் தொடங்கினான்.

அவனை அதற்கு முன்பே ஆட்டி வைத்த ஒன்றும் இருந்தது. ஆஸ்பத்திரியில், திரைச்சீலை மூடிய அறையில், டொக்டர் ஸகியாவின் வயிற்றில் கருவியை வைத்து அழுத்தியபோது ஒரு சத்தம் கேட்டது. அப்ராஸ் சத்தங்களோடு வாழ்கிறவன். மில்லில் கல்லையும் கறுப்பரிசியையும் பிரித்தெடுக்கும் கலர் சோர்ட்டர் மெசின் அவன் பொறுப்பு. எந்தப் பெல்ட் தளர்ந்திருக்கிறது, எந்த வாளி இடிக்கிறது என்று தூங்கிக்கொண்டே சொல்லுவான். எந்தச் சத்தமானாலும் அதைத் தொடக்கி வைக்க ஒரு சுவிச்சும் அதை அழுத்த ஒரு கையும் இருந்தாக வேண்டும். இந்தச் சத்தத்தைத் தொடக்கி வைத்தது எந்தக் கை? அவன் வாயைத் திறந்தபடி நின்றான். டொக்டர் கருவியைச் சற்று நகர்த்தினார். இன்னொரு சத்தம் வந்தது, முதலாவதைவிடக் கொஞ்சம் அவசரமாக. "ரெண்டு பேர்" என்றார் டொக்டர். இரண்டும் ஒன்றையொன்று பொருட்படுத்தவேயில்லை. அதனதன் வேலையில் அததது மும்முரமாக இருந்தது. டொக்டரிடம் அனுமதி கேட்டு அந்தச் சத்தத்தைப் போனில் பிடித்துக்கொண்டான்.

பெரும்போகத்து நெல் வந்து குவியும் காலத்தில்தான் பிள்ளைகளும் வர இருந்தார்கள். இரட்டை என்பதால் சொன்ன நாளுக்கு முந்தியும் வரலாம் என்றார்கள். லீவு கேட்பதை இனித் தள்ளிப்போட வழியில்லை.

ஒத்திகை பார்த்த மறுநாள் காலை, தண்ணீருக்கு மேல் போட்ட கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து, இரண்டு பக்கமும் வெட்டு மெசின்கள் இறங்கி நின்ற வயல்களுக்கு நடுவே மோட்டார் சைக்கிளில் போகும்போதும் அவன் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. மில் வாசலில் லொறிகள் வரிசை கட்டி நின்றன. தராசடியில் நின்ற நளீர் அவனைப் பிடித்துக்கொண்டான். நளீருக்கு ஊரில் யாருடைய விசயமும் தெரியாமல் இருக்கக்கூடாது. ஆனால் நல்ல மனம்.

"என்ன மச்சான், மூஞ்சி ஊறப்போட்ட நெல்லு மாதிரி இரிக்கி?"

அப்ராஸ் சொன்னான்.

நளீர் அவனை ஒரு பக்கமாக இழுத்தான். "புள்ளப்பேத்துக்கு ஆம்பிளைக்கு லீவா? அதுவும் நாப்பது நாளா? டேய், மூட்ட தூக்குறவனெல்லாம் ஒன்னப் பாத்துச் சிரிப்பான். ஜமாஅத்துக்குப் போறன் எண்டு சொல்லு. ஹாஜியார் மறு பேச்சுப் பேச மாட்டார்."

அது உண்மைதான். ஆண்கள் குழுவாகச் சேர்ந்து, படுக்கையைத் தோளில் சுமந்து, ஊர் ஊராகப் பள்ளிவாசல்களில் தங்கி, தாங்களே சமைத்துச் சாப்பிட்டு, நாற்பது நாள் மார்க்கப் பணியில் திரிந்து வருவது அந்தப் பக்கத்தில் வழக்கம். ஹாஜியார் வருடா வருடம் போகிறவர். மில்லில் யார் அதற்குப் பேர் கொடுத்தாலும், அறுவடையானாலும் அடைமழையானாலும், சந்தோசமாக அனுப்பி வைப்பார்.

"அல்லாஹ்ட பேரச் சொல்லிப் பொய்யா?" என்று சொல்லிவிட்டு அப்ராஸ் தன் மெசினடிக்குப் போய்விட்டான். ஹாஜியாரிடம் மதியத்து லுஹர் தொழுகைக்குப் பிறகு கேட்போம் என்று நினைத்தான்.

லுஹருக்குப் பிறகு ஹாஜியாரே மெசினடிக்கு வந்தார். வந்தவர் ஒரு சொல்லும் சொல்லாமல் அவனை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மில்லின் இரைச்சலில் அப்ராஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஹாஜியார் அவன் கையைப் பிடித்து முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். தன் காரிலிருந்து புத்தம் புதிய படுக்கைச் சுருள் ஒன்றை எடுத்தார். மெத்தைத் துணியும் போர்வையும் சின்னத் தலையணையும் சேர்த்துச் சுருட்டி, தோளில் மாட்ட வார் வைத்துத் தைத்தது. அவர் தனக்கென்று வாங்கி வைத்திருந்தது.

"நம்மட அப்ராஸ் நாப்பது நாள் ஜமாஅத்துக்குப் போறான்!" என்று முற்றத்துக்கே கேட்கச் சொன்னார். "நான் ஒருநாளும் இவனக் கேட்டதில்ல. தானா வந்து பேர் குடுத்திருக்கான். அறுவடைக்குள்ள! லுஹருக்குப் பள்ளியில இவனுக்காகத் துஆவும் கேட்டுட்டு வாறன்."

தன் கையாலேயே வாரை அவன் தோளில் மாட்டினார். கிழவரின் கண்கள் கலங்கியிருந்தன. தராசடியிலிருந்து நளீர், எப்படி என் வேலை என்பதுபோலக் கண்ணைச் சிமிட்டினான்.

அப்ராஸ் வாயைத் திறக்கத்தான் பார்த்தான். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கண்களுக்கு முன்னால், "இல்லை" என்ற ஒரு சொல்லை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. அப்படியே நின்றான். அடுத்த லொறி உள்ளே வந்து ஹோர்ன் அடித்தது. எல்லோரும் கலைந்து போனார்கள்.

பின்னேரம் படுக்கைச் சுருளோடு வீட்டுக்குள் நுழைந்தவனைப் பார்த்து ஸகியா, "ஹாஜியார் வூட்ட விட்டே போகச் சொல்லிட்டாரா?" என்று கேட்டாள்.

அவன் நடந்ததைச் சொன்னான். நளீர் வந்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. துஆ என்ற இடத்தில் சிரிப்பு நின்றது.

"அப்ப லீவு கெடச்சிட்டு."

"ஓம்."

"நாப்பது நாளும்?"

"ஓம்."

ஸகியா சுருளின் துணியைத் தடவிப் பார்த்தாள். நல்ல துணி. ஆறுதலாகச் சொன்னாள்: "மச்சான், எனக்கு நீங்க வூட்டுல நிக்கணும். ஒருத்தருமில்லாம ரெண்டு பச்சப் புள்ளயளோட என்ன செய்யிற எண்டு நெனச்சா எனக்கு நெஞ்சு அடைக்குது. ஆனா பள்ளிக்குப் போறன் எண்டு சொல்லிட்டு வூட்டுக்குள்ள ஒளிச்சிருந்து என்ட புள்ளயளத் தூக்க வேணாம். பொறந்ததும் அதுகள்ட காதுல பாங்கு சொல்ற வாய் அது."

"சொன்னா லீவே இல்லாமப் போகும்."

"போனாப் போகட்டும். சொல்லிட்டு வாங்க."

மறுநாள் பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்த கையோடு அவன் படுக்கைச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஹாஜியாரிடம் போனான். அவர் தராசடியில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நளீர் நின்றான். மூட்டை ஏற்றுகிறவர்கள் லொறி நிழலில் குந்தியிருந்தார்கள். உள்ளே மில் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அப்ராஸ் சுருளை இறக்கி ஹாஜியாரின் காலடியில் வைத்தான். அடுக்கி வைத்த வசனத்தை, அடுக்கிய ஒழுங்கிலேயே, பணிவான குரலில் தொடங்கினான்.

"என்ன?" என்றார் ஹாஜியார். ஆயுள் முழுக்க மில் இரைச்சலில் இருந்ததில் அவருக்குக் காது மந்தம். இந்த ஒன்றை அப்ராஸ் ஒத்திகையில் மறந்தே போயிருந்தான்.

"நான் ஜமாஅத்துக்குப் போகல்ல ஹாஜியார்."

"சத்தமாக் கதை!"

"ஜமாஅத்துக்குப் போகல்ல!" என்று அப்ராஸ் கத்தினான். கத்தத் தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. "ஸகியாக்குப் புள்ளப்பேறு! மாமி குவைத்துல! வூட்டுல ஒருத்தரும் இல்ல! நாந்தான் நிக்கணும்! அதுக்குத்தான் லீவு!"

தராசடி முழுவதும் கேட்டது. லொறி நிழலிலிருந்து ஒரு குரல் வந்தது: "என்ன அப்ராஸ், நீயா பெறப் போறாய்?" மற்றவர்கள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள்.

ஹாஜியார் சிரிக்கவில்லை. தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். சும்மா பார்த்தார். ஸகியா பார்த்ததெல்லாம் இந்தப் பார்வைக்கு உறை போடக் காணாது.

"அப்ப ஜமாஅத் எண்டு சொன்னது ஆரு?"

"நேத்து நீங்க படுக்கையத் தோள்ல மாட்டக்குள்ள நான் வாயத் தொறக்கல்ல. அது என்ட பிழை."

நளீர் தொண்டையைச் செருமினான். "நாந்தான் ஹாஜியார் சொன்ன. அவன் சொல்ல வேணாம் எண்டுதான் சொன்னான்."

ஹாஜியார் அவன் பக்கம் திரும்பவேயில்லை. "ஆம்பிள நீ வூட்டுல நிண்டு என்ன செய்யப் போறாய்?"

தனக்குப் பதில் மெசினைப் பார்ப்பது யார் என்று கேட்டால், கூட வேலை செய்யும் கிருஷாந்தன் என்று சொல்ல அப்ராஸிடம் பதில் இருந்தது. இந்தக் கேள்விக்கு அவன் ஆயத்தமாகி வரவில்லை.

"தெரியாது ஹாஜியார்," என்று கத்தினான். "ரெண்டு புள்ள. நான் ஒண்டத் தூக்கினா அவ மத்ததத் தூக்குவா. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"ரெண்டா?"

அப்ராஸ் இரண்டு விரல்களைக் காட்டினான். "நெஞ்சடிக்கிறதக் கேட்டம். போன்ல பிடிச்சு வச்சிருக்கன்."

ஏன் அதைச் சொன்னோம் என்று அவனுக்கே தெரியவில்லை. ஹாஜியார் கையை நீட்டினார். போனை வாங்கிக் காதில் அழுத்தினார். மறு காதைப் பொத்தினார். "ஒண்டும் கேக்குதில்ல" என்றார். அப்ராஸ் சத்தத்தை முழுதாகக் கூட்டிக் கொடுத்தான். ஹாஜியார் தலையை ஆட்டினார். கதிரையிலிருந்து எழுந்து உள்ளே பார்த்துக் கையை உயர்த்தினார்.

"மில்ல நிப்பாட்டு!"

"ஹாஜியார், லொறி காத்துக்கிட்டு…" என்று நளீர் தொடங்கினான்.

"நிப்பாட்டெண்டு சொல்றன்."

அறுவடைக் காலத்தில் அந்த மில் நின்றதை யாரும் கண்டதில்லை. முதலில் உமி நீக்கும் மெசின் முனகி அடங்கியது. பிறகு நெல்லை மேலே ஏற்றும் வாளிகள் ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி நின்றன. காற்றாடிகள் சுழன்று சுழன்று ஓய்ந்தன. கடைசியாகச் சோர்ட்டரின் காற்றுக் குழாய் ஒரு பெருமூச்சு விட்டது. அதற்குப் பிறகு வந்த அமைதியில் தவிட்டுத் தூசி மெல்ல இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. தூரத்து வயலில் கொக்குகள் சிறகடித்தது காதுக்குக் கேட்டது. அந்த முற்றத்தில் நின்று யாரும் அதைக் கேட்டதில்லை.

உள்ளே வேலை செய்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். "கரண்ட் போயிட்டா?" என்று கேட்டபடி கிருஷாந்தனும் வந்தான். நாவிதன்வெளிப் பெடியன். முகமெல்லாம் தவிடு.

அப்ராஸ் போனை உள்ளங்கையில் மலர்த்தி வைத்து அழுத்தினான்.

சத்தம் எழுந்தது. முதலாவது ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது, அந்த அவசரக்காரப் பிள்ளை. ஆஸ்பத்திரியின் சின்ன அறையில் கேட்ட அதே சத்தம், இப்போது நெற்குவியல்களுக்கும் லொறிகளுக்கும் வயல்வெளிக்கும் நடுவே கேட்டது. இத்தனை பெரிய மில்லை நிறுத்தியபோது நின்றுபோன அவ்வளவும் இதற்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றதுபோல அப்ராஸுக்குப் பட்டது. மில்லை நிறுத்தலாம். இதை யாரும் தொடக்கவுமில்லை, யாராலும் நிறுத்தச் சொல்லவும் முடியாது.

"இது ஒராள்," என்று கிருஷாந்தன் விரலை மடக்கிக் கிசுகிசுத்தான். "இது மத்தாள்."

நீயா பெறப் போகிறாய் என்று கேட்டவன் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

பதிவு முடிந்தது. "இன்னொருக்கா" என்றார் ஹாஜியார். இன்னொரு தரம் கேட்டார். குனிந்து, தாடி போனில் படும் அளவுக்குக் குனிந்து கேட்டார். நிமிர்ந்தபோது அவர் முகம் யாரோ வழி கேட்கத் திகைத்து நிற்கிற சின்னப் பிள்ளையின் முகம் போல் இருந்தது.

"சுப்ஹானல்லாஹ்," என்றார். பிறகு தன்னிடமே கேட்பதுபோல், "இப்படியா நாமெல்லாம் வந்த?" என்றார்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. வாசலில் காத்திருந்த லொறிக்காரர்கூட ஹோர்ன் அடிக்கவில்லை.

ஹாஜியார் கதிரையில் அமர்ந்தார். "மெசின ஆரு பாப்பான்?"

"கிருஷாந்தன். பழக்கி வச்சிருக்கன்."

"கரச்சல் வந்தா?"

"போன்ல கேக்கட்டும் ஹாஜியார். சொல்லிக் குடுக்கன்."

"சரி. நாப்பது நாளும் நில்லு. சம்பளத்தப் பத்திப் பொறகு கதைப்பம்." காலடியில் கிடந்த சுருளை அவன் பக்கம் தள்ளினார். "இதையும் கொண்டு போ. கட்டில்ல இனி ஒனக்கு எங்க இடம்?"

அப்ராஸ் குனிந்து அதை எடுக்கும்போது ஹாஜியாரின் குரல் மறுபடி எழுந்தது. இந்த முறை பழைய ஹாஜியாரின் குரல்.

"ஆனா பள்ளியில துஆக் கேட்டாச்சு. குடுத்த பேர் சும்மா கெடக்கப்படாது. அதுக்கு ஒராள் போகணும்." இப்போதுதான் அவர் நளீர் பக்கம் திரும்பினார். "அறுவடை முடிஞ்ச கையோட நீ போறாய்."

"ஹாஜியார், எனக்கு நாரி நோவு. தரையில படுக்கேலா…"

"நாப்பது நாளும்."

முற்றம் முழுவதும் சிரிப்பு எழுந்தது. அதற்குள் மில்லும் ஒவ்வொரு மெசினாக முனகி எழுந்து ஓடத் தொடங்கிவிட்டது.

பிள்ளைகள் சொன்ன நாளுக்கு முந்தியே வந்துவிட்டார்கள். ஒரு ஆண், ஒரு பெண். அப்ராஸ் இரண்டு வலது காதுகளிலும் குனிந்து பாங்கு சொன்னான். ஒரு சொல்லும் தடக்கவில்லை.

வீட்டில் அவனுக்கு முதலில் எதுவும் சரியாக வரவில்லை. பத்தியக் கறியில் மிளகு கூடியது. துணி மடிப்பது, தோளில் போட்டுத் தட்டுவது எல்லாவற்றையும் குவைத்திலிருந்து பாஹிமா போனில் முகம் காட்டிச் சொல்லிச் சொல்லிப் பழக்கினார். "தலைய ஏந்துங்க மருமகன், தலைய! ஓம், அப்படித்தான்" என்பார். சொல்லும்போதே முந்தானையால் கண்ணைத் துடைப்பார்.

பிள்ளைகள் தூங்கும் இரண்டு ஏணைகளுக்கும் நடுவே ஹாஜியாரின் படுக்கை விரித்திருந்தது. ஒரு நாள் பின்னேரம், மகளை நெஞ்சில் போட்டுக்கொண்டு அப்ராஸ் அதில் கிடந்தான். ஸகியா கட்டிலில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மகன் ஏணையில். நெஞ்சில் கிடந்தவள் ஒரு கோழிக்குஞ்சின் பாரம்கூட இல்லை. அந்தப் பாரத்துக்குள் எதுவோ அடித்துக்கொள்வது தோலில் பட்டது. ஆஸ்பத்திரியில் கேட்ட அன்றிலிருந்து எந்தக் கருவியும் இல்லாமல் அதைக் கேட்டுப் பார்க்க அவன் நினைத்ததேயில்லை. மெல்ல எழுந்து, பிள்ளையைக் கைகளில் ஏந்தி, அவள் நெஞ்சில் காதை வைத்தான். மேலே மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

சுவரடிக்குப் போய் விசிறியை நிறுத்தினான்.

புழுக்கத்தில் ஸகியா அரைக்கண் திறந்தாள். "கரண்ட் போயிட்டா மச்சான்?"

"இல்ல புள்ள," என்றான் அவன், காதை எடுக்காமல். "நாந்தான் நிப்பாட்டின."